தைலமரப் பலகை வில்லாக வளைவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"தைலமரமா? காகிதத்துக்கும் விறகுக்கும் ஆகும், பலகைக்கு ஆகாது." காரமடையிலோ கோபியிலோ கரூரிலோ எந்த மரக்கடையில் கேட்டாலும் இதுதான் பதில். ஆசாரிமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காலையில் அறுத்த பலகை மாலைக்குள் வில்லாக வளைந்தால் அதில் யார் கதவுச் சட்டம் இழைப்பார்கள்? ஆனால் அந்த வளைவில் மரத்தோடு பிறந்தது எவ்வளவு, இளசாக வெட்டியதால் வந்தது எவ்வளவு, மில்லில் அறுத்த விதத்தால் வந்தது எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மொத்தப் பழியும் மரத்தின் தலையில் விழுகிறது. தைலமரக் காடு வைத்திருப்பவர், டன் கணக்கில் காகித ஆலைக்கு லாரி ஏற்றுவதைத் தவிர வேறு போக்கில்லாமல் நிற்கிறார்.

முதலில் வெடிப்பைப் பார்ப்போம். மரம் தடிக்கும்போது பட்டைக்கு அடியில் புதிதாக உண்டாகும் நார்கள் முற்றுகிற சமயத்தில் நீளவாட்டில் சுருங்கப் பார்க்கும். ஒட்டியிருக்கும் பழைய மரம் அதற்கு விடாது. அதனால் வெளிப்பகுதி எப்போதும் இழுபட்ட நிலையிலும், அந்த இழுப்பைச் சுமக்கும் நடுப்பகுதி நசுங்கிய நிலையிலும் நிற்கின்றன. நிற்கிற மரத்துக்கு இது நல்லது. மரம் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு நசுக்கலைத் தாங்காது. புறத்தில் ஏற்கெனவே இழுப்பு இருப்பதால் காற்றில் சாயும்போது சாய்கிற பக்கம் நொறுங்காமல் தப்பிக்கிறது. சிக்கல் வெட்டியபிறகுதான். குறுக்கே அறுத்த முகத்தில் நடுமரம் வெளியே தள்ள, ஓரம் உள்ளே இழுக்க, கட்டை நட்சத்திரம்போல் வாய் பிளக்கிறது. நீளவாட்டில் அறுத்தால் பலகையின் பட்டைப்பக்கம் குறுகி, இரு முனைகளும் நடுவை விட்டு வெளியே வளைகின்றன. வெயிலோ ஈரமோ இதைத் தொடக்குவதில்லை. வெட்டிய மணி நேரத்துக்குள்ளேயே வெடிப்பு வந்துவிடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். உலர்வு அந்த வெடிப்பை நீட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

இதில் இரண்டு கணக்குகளை மனதில் வைக்க வேண்டும். வெளி இழுப்பு ஒரே அளவாக இருந்தால், கட்டையின் விட்டம் இரட்டிப்பாகும்போது பலகையின் வளைவு ஏறத்தாழ பாதியாகும். பலகையின் நீளம் இரட்டிப்பானால் வளைவின் உயரம் நாலு மடங்காகும். காகிதத்துக்கென்று 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில், ஏக்கருக்கு ஏறத்தாழ 900 கன்று நட்டு, நாலைந்து வருடத்தில் வெட்டும் மரம் அடியிலேயே ஒரு சாண் விட்டம் தாண்டுவதில்லை. அதில் பத்தடிப் பலகை அறுத்துவிட்டு வளைகிறது என்று குறைபடுவது, ஆறு மாதக் கன்றை ஏரில் பூட்டிவிட்டு இழுக்கவில்லை என்று அடிப்பதுபோல.

இன்னொரு விஷயம், நம் காடுகளில் நிற்பவை பலகைக்காகத் தேர்ந்தெடுத்த மரங்களே அல்ல. நீலகிரிக்கு நீல யூகலிப்டஸ் என்னும் தைலமர வகை 1843-இலேயே வந்துவிட்டது. சமவெளியில் பரவியது மைசூர்க் கம் எனப்படும் டெரெடிகார்னிஸ் வகையும், பின்னால் கமால்டுலென்சிஸும். பத்ராசலம் காகித ஆலை 1989 வாக்கில் தொடங்கிய குளோன் வேலைக்கு (ஒரே நல்ல மரத்தின் துண்டுகளிலிருந்து கன்று பெருக்குவது) பிறகு நாற்றங்கால்களில் விதைக்கன்று குறைந்து துண்டுக்கன்று நிறைந்தது. அந்தத் தேர்வுகளில் பார்த்தவை விளைச்சல், கூழ்த்திறன், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இலைக்காம்பில் முடிச்சு போட்டுக் கன்றுகளை நாசமாக்கிய குளவியைத் தாங்கும் சக்தி ஆகியவை. ஆலையில் கட்டை ஓர் அங்குலச் சில்லுகளாக நறுக்கப்படுகிறது. சில்லுக்கு வளைவு ஏது, வெடிப்பு ஏது? ஆக உள்ளிழுப்பு எவ்வளவு என்று அளக்க யாருக்கும் தேவை வரவில்லை. வாங்குகிறவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"வேகமாக வளர்ந்த மரம், அதனால்தான் வெடிக்கிறது" என்ற பேச்சும் முழு உண்மை அல்ல. ஒரே வயது, ஒரே பருமன் உள்ள மரங்களுக்குள்ளேயே இழுப்பு பெரிதும் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது. மரத்தின் அடர்த்தி இன்னும் வலுவாகப் பரம்பரையில் இறங்குகிறது. அப்படியானால் தேர்ந்தெடுக்க முடியும். பிரேசிலில் கிராண்டிஸ், யூரோஃபில்லா என்ற இரு தைலமர வகைகளின் கலப்பின மரத்தை 'லிப்டஸ்' என்ற பெயரில் மேசை நாற்காலிக்கும் தரைப்பலகைக்கும் விற்கிறார்கள். அது தானாக நடந்ததல்ல. பலகைக்கென்று மரம் பார்த்து, பலகைக்கென்று வளர்த்ததால் நடந்தது.

அளப்பது கடினமா? நிற்கிற பெரிய மரத்தில் அளக்க, பட்டையை ஒரு கை அகலம் நீக்கி, 45 மில்லிமீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாக இரண்டு ஊசிகளை அடித்து, நடுவில் 20 மில்லிமீட்டர் துளை போடுகிறார்கள். இழுப்பு விடுபடும்போது ஊசிகள் நகரும் தூரத்தை மைக்ரோமீட்டர் காட்டும். மரத்தின் நாலு பக்கமும் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் சாய்ந்த மரம் ஏமாற்றிவிடும். விறைப்புக்கு, ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகளைக் குத்தி, சுத்தியால் தட்டி, ஒலி ஓடும் நேரத்தைப் பார்க்கிறார்கள். வேகத்தின் வர்க்கத்தைப் பச்சை மரத்தின் அடர்த்தியால் பெருக்கினால் விறைப்பு கிடைக்கும். கன மீட்டருக்கு 1,050 கிலோ அடர்த்தியும் நொடிக்கு 3.6 கிலோமீட்டர் வேகமும் இருந்தால் 13.6 கிகா பாஸ்கல்.

இவற்றுக்குக் கருவி வேண்டும். ஆனால் இளங்கன்றில் செய்யும் பிளப்புச் சோதனைக்கு ஒரு ரம்பமும் ஸ்கேலும் போதும். நியூசிலாந்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தார், திராட்சைத் தோட்டக் கம்பங்களுக்காக வளர்க்கும் யூகலிப்டஸ் இனங்களில் இந்த வழியில்தான் ஓரிரு வயதிலேயே மரங்களைச் சலிக்கிறார்கள். இங்கே செய்ய வேண்டியது இவ்வளவு: ஒன்றரை இரண்டு வயதுக் கன்றின் அடியில் நேரான துண்டு ஒன்றை வெட்டியெடுத்து, பச்சையாக இருக்கும்போதே, அன்றே, நடு நெட்டி வழியாக நீளவாட்டில் 60 செ.மீ. அறுக்க வேண்டும். அடியில் ஒரு சாண் அறுக்காமல் விட வேண்டும். அறுத்த முனை கவட்டைபோல விரியும். அந்த வாயின் அகலத்தை அளந்து, ரம்பம் தின்ற தடிமனைக் கழித்து, துண்டின் விட்டத்தால் பெருக்கி, அறுத்த நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விட்டம் 3 செ.மீ., வாய் 1.2 செ.மீ. என்றால் 1.2 × 3 ÷ 3,600, அதாவது 0.001. இதுதான் பிளப்பு எண். வாய் அரை சென்டிமீட்டர்தான் என்றால் 0.0004. இரண்டாவது கன்றின் இழுப்பு முதலாவதில் பாதியும் இல்லை.

வெறும் வாயை மட்டும் அளந்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஒல்லியான துண்டு அதே இழுப்பிலும் அதிகமாக விரியும் என்பதால்தான் விட்டத்தால் பெருக்குவது. ரம்பம் நெட்டியை விட்டு விலகினால் இரண்டு பாதிகளும் சமமாக இருக்காது, அந்தத் துண்டைத் தள்ளிவிட வேண்டும். ஒருநாள் காயவிட்டு அறுத்தாலும் அளவு பொய்யாகிவிடும். கன்றை அழித்துச் சோதிக்கிறோமே, அது போய்விடாதா என்ற கவலையும் வேண்டாம். தைலமரம் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு விடும். பிழைத்து வரும் தளிரில் துண்டெடுத்து அதே குளோனைப் பெருக்கிக்கொள்ளலாம். குளோனுக்குப் பத்துக் கன்றாவது, செம்மண்ணில் ஒரு இடத்திலும் அவிநாசி, பல்லடம் பக்கத்துச் சுண்ணாம்பு கலந்த நிலத்தில் ஒரு இடத்திலுமாகப் பார்த்தால் கேட்கிறவருக்கு நம்பிக்கை வரும்.

காட்டில் செய்ய வேண்டியது வேறு. பலகைக்கு வளர்ப்பவர் 3 மீட்டருக்கு 3 மீட்டர், ஏக்கருக்கு 450 கன்று நடலாம். மூன்று நாலு வயதில் பாதியைக் காகிதத்துக்கு வெட்டி, ஏழு வயதில் மறுபடி பாதி எடுத்து, 110 மரம் அளவில் நிறுத்திப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் விட வேண்டும். ஒரேயடியாகக் கலைத்தால் வெளிச்சம் பட்டுத் தண்டெல்லாம் தளிர் வெடிக்கும், காற்றில் மரம் சாயும். சாய்ந்த மரத்தில் மேல்பக்கம் இழுப்பு மிகுந்த மரம் சேர்ந்து நெட்டி ஓரம் ஒதுங்கிவிடும். வரப்போர மரங்களும் வெளிச்சத்தைத் தேடிச் சாய்பவைதான், அவற்றைப் பலகைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

கவாத்தில் பலரும் செய்யும் தவறு, கிளை காய்ந்தபிறகு ஒடித்துவிடுவது. காய்ந்த கிளையின் முளை மரத்துக்குள் புதைந்து முடிச்சாகும், அழுகல் உள்ளே இறங்கும், அந்த இடத்தில் சிவப்புப் பிசின் நரம்பு ஓடும். கிளை பச்சையாக இருக்கும்போதே, விரல் பருமன் தாண்டுவதற்குள், தண்டோரக் கழுத்தைக் காயப்படுத்தாமல் ரம்பத்தால் எடுக்க வேண்டும். அரிவாளால் கொத்தினால் பட்டை கிழியும். ஒரு தடவையில் பச்சைத் தலையில் பாதிக்கு மேல் கை வைக்கக் கூடாது. ஆறு மீட்டர் உயரம் வரை மூன்று தவணையில் ஏறினால் போதும். மறுதாம்பில் பலகை எடுக்க நினைப்பவர் அடிக்கட்டைக்கு ஒரே தளிரை, அதுவும் காற்று வரும் பக்கத்துத் தளிரை நிறுத்த வேண்டும். நமக்கு அது மேற்கு, தென்மேற்கு. எதிர்ப்பக்கத்துத் தளிரை ஆடிக்காற்று அடிக்கட்டையிலிருந்து பிய்த்துவிடும்.

வெட்டுகிற நாளில் பாதி நஷ்டம் நடக்கிறது. மரம் வரப்பிலோ பாறையிலோ குறுக்காக விழுந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத முறிவு உண்டாகும், அறுக்கும்போதுதான் தெரியும். காகிதத்துக்கு உடனே பட்டை உரித்து, சிறு துண்டாக்கி ஏற்றுவது வழக்கம். அறுவைக்கு அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். பட்டையோடு, லாரி தாங்கும் முழு நீளத்தில் ஏற்றி, மில்லுக்கு வந்து, அறுக்கப் போகும் நேரத்தில்தான் துண்டு போட வேண்டும். ஒவ்வொரு குறுக்கு வெட்டும் இரண்டு புதிய வாய்களைத் திறக்கிறது, ஒவ்வொரு வாயிலும் விட்டத்தளவு மரம் வீணாகிறது. வெட்டு முகத்தில் மெழுகுக் குழம்போ தாரோ இரண்டு பூச்சு, வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள் பூச வேண்டும். அது முதல் வெடிப்பைத் தடுக்காது, உலர்ந்து நீள்வதைத் தடுக்கும். மறுநாள் பூசுவது பெயின்ட்டுக்குப் பிடித்த தண்டம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது உடுமலை, பல்லடம் பக்கம் வெட்ட வெளியில் கட்டையைப் போட்டுவைப்பவர்கள் மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டாவது இருக்க வேண்டும். எப்படியும் ஒரு வாரத்துக்குள் அறுத்துவிடுவது உத்தமம்.

மில்லில் வழக்கம், ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் வரை வரிசையாகப் பலகை போட்டுக்கொண்டே போவது. தேக்குக்கு அது சரி. தைலமரத்தில் ஒரு பக்கத்து இழுப்பு போனவுடன் மீதிக் கட்டை எதிர்ப்பக்கம் வளையும். அடுத்த பலகை நடுவில் தடிமனாகவும் முனையில் மெல்லிதாகவும், இல்லையென்றால் தலைகீழாகவும் வரும். ஒரு பக்கம் ஒரு சிராய்ப்பலகை (பட்டையோடு வரும் ஓரப் பலகை) எடுத்தால் உடனே கட்டையை அரை வட்டம் திருப்பி எதிர்ப்பக்கம் அதே அளவு எடுக்க வேண்டும். பிறகு கால் வட்டம் திருப்பி அதேபோல. நெட்டியைச் சுற்றி இரண்டு அங்குலம் ஒதுக்கிவிட வேண்டும். நெட்டி உள்ள பலகை எந்த வைத்தியத்துக்கும் நிற்காது.

பலகை எந்த முகத்தில் வருகிறது என்பதும் முக்கியம். வளையத்துக்குக் குறுக்காக, நெட்டியிலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் அறுத்த பலகை அகலவாட்டில் வளையும், அதை எந்தப் பாரமும் நிமிர்த்தாது. வளையத்தை ஒட்டி அறுத்த பலகை தடிமன்வாட்டில் வளையும், அடுக்கிப் பாரம் வைத்தால் நேராகும். சிறு கட்டைக்கு இரண்டாவதே நல்லது. விலையாக, முகத்தில் மெல்லிய கீறல்களும் கொஞ்சம் குழிவும் வரும். அகலத்தில் நூற்றுக்கு 8 முதல் 10 வரை சுருக்கத்துக்கு விட்டு, நாலு அங்குலப் பலகை வேண்டுமென்றால் நாலரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக முதலில் அறுத்து, வளைய வேண்டியதை வளையவிட்டு, பிறகு ஓரம் நேராக்குவது கைக்கு அடக்கமான வழி.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயர மேடை, நிழல், ஓர் அங்குல இடைச்சட்டங்கள் ஒன்றரை அடிக்கு ஒன்று, மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோட்டில். சட்டம் கோடு தப்பினால் அந்த இடத்தில் பலகை தொய்ந்தபடியே உலர்ந்துவிடும். உச்சியில் சதுர மீட்டருக்கு 500 கிலோ பாரம், ஏறத்தாழ 20 செ.மீ. கனத்துக்கு கான்கிரீட் கட்டை. காற்றடிக்கும் பக்கம் சாக்கோ பச்சை வலையோ கட்ட வேண்டும். ஓர் அங்குலப் பலகை 20 விழுக்காடு ஈரத்துக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஈரத்தைக் கண்டுபிடிக்க மீட்டர் இல்லாதவர், பலகை முனையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே ஓர் அங்குலத் துண்டு வெட்டி எடைபோட்டு, 103 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி எடைபோடலாம். பச்சையில் 168 கிராம், காய்ந்து 140 கிராம் என்றால் குறைந்த 28-ஐ 140-ஆல் வகுக்க வேண்டும், 20 விழுக்காடு. 168-ஆல் வகுத்து 16.7 என்று எழுதிவைத்துக்கொண்டு, "உலர்ந்துவிட்டது" என்று இழைக்க எடுத்துப் போவது அடிக்கடி நடக்கிற தவறு.

சில பலகைகள் உலரும்போது முகம் ஒட்டிப்போய் நெளிநெளியாகக் குழியும், நீலகிரி மரத்தில் இது மிகுதி. இது சாதாரணச் சுருக்கம் அல்ல. செல்லுக்குள் நிறைந்திருந்த நீர் வெளியேறும்போது செல்சுவரை உள்ளே இழுத்து ஒடுக்கிவிட்டது. சூளையில் ஆரம்பத்திலேயே சூட்டை ஏற்றினால் இது கூடும். ஒடுங்கிய பலகையைக் குப்பையில் போட வேண்டியதில்லை. ஈரம் 18 முதல் 20 விழுக்காடு இருக்கும்போது மூடிய அறையில் 100 டிகிரி நீராவியில் நாலு முதல் ஆறு மணி நேரம் வைத்தால் பெரும்பகுதி நிமிர்ந்துவிடும். அதற்குப்பின் மெதுவாக 12 விழுக்காட்டுக்கு இறக்க வேண்டும். காங்கேயத்தில் நெல் அவிக்கும் நீராவியும், திருப்பூரில் சாயப்பட்டறை பாய்லரும் இருக்கிற ஊரில் இதற்குப் புதுத் தொழில்நுட்பம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சூளைக்கும் பெரிய முதல் வேண்டாம், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த சூரிய வெப்ப உலர்த்தி மாதிரி நம் வெயிலுக்குப் பொருந்தும்.

வெளிறு எனப்படும் வெள்ளை மரத்தில், மரத்தை மாவாக்கும் வண்டு விழும். நூறு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 3 கிலோ வெங்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, பச்சைப் பலகையை நாலைந்து நாள் ஊறவைத்து, பாலித்தீன் மூடி இரண்டு மூன்று வாரம் நெருக்கி அடுக்கினால் மருந்து உள்ளே இறங்கும். மழையில் நிற்கும் பொருளுக்கு இது உதவாது, கரைந்து போய்விடும். தைலமரத்தில் துவர்ப்பு இருப்பதால் இரும்பாணி பட்ட இடம் கருநீலமாகும், துத்தநாகம் பூசிய ஆணி வேண்டும். ஆணியின் தடிமனில் முக்கால் பங்குக்குத் துளை போட்டுவிட்டு அடித்தால் பலகை பிளக்காது.

கோவை மோட்டார் பம்ப் பெட்டிகளுக்கும் ஏற்றுமதிச் சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளுக்கும் உள்ளூர்த் தைலமரம் போகிறது. ஏற்றுமதி விதிப்படி மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும். அப்படிச் சூடேற்றியதற்கு முத்திரை குத்தியதால் மரம் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்தச் சூடு பூச்சியைக் கொல்லத்தான். பச்சை மரத்தில் செய்த பெட்டி கப்பலில் சுருங்கி, ஆணி தளர்ந்து, உள்ளே பம்ப் ஆடும். கோபித்துக்கொள்வது வாங்கியவர், கெட்ட பெயர் மரத்துக்கு.

நாங்கள் கேட்பது மூன்று. குளோன் கன்று விற்கும்போது கொடுக்கும் துண்டறிக்கையில் ஏக்கருக்கு எத்தனை டன் என்பதோடு அடர்த்தி, பிளப்பு எண், விறைப்பு, சுருக்கம் என்ற நாலு அளவுகளும் அச்சாக வேண்டும். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் ஏற்கெனவே நிற்கிற சோதனைத் திடல்களில் இதை அளந்து தர முடியும். பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் அறுவை, உலர்த்தல் அனுபவமும் ஓர் இரவுப் பயணத் தூரத்தில்தான் இருக்கிறது. அடுத்து, 90 செ.மீ. சுற்றளவுக்கு மேல், நேராக, முடிச்சில்லாமல் உள்ள அடிக்கட்டைக்குத் தனி விலை வேண்டும், டன்னுக்கு அல்ல, கன அடிக்கு. ஒரே எடைமேடை விலைக்கு ஐந்து வயது மரமும் பன்னிரண்டு வயது மரமும் போனால் எந்தக் குடியானவர் காத்திருப்பார்? மூன்றாவதாக, காரமடை, பவானி, கரூர் பகுதிகளில் வட்டாரத்துக்கு ஒன்றாக, சிறு மில்காரர்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் உலர்த்தும் அறையும் நீராவி அறையும் வேண்டும்.

தைலமரமே கூடாது, கிணற்று நீரைக் குடிக்கிறது என்போரின் கவலை தனி. கிணற்றோரத்திலும் ஓடைக்கரையிலும் நடக் கூடாது என்பதில் எங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஏற்கெனவே மேட்டாங்காட்டில் நிற்கும் மரங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறோம். இவற்றில் மறுதாம்பு விட்டு இரண்டாம் வெட்டுக்கு வந்திருக்கும் காடுகள் நிறைய. இந்த ஐப்பசி மழைக்கு முன் தளிர் கலைக்கப் போகிறவர்கள், வெட்டியெறியும் தளிரில் பத்தைப் பிளந்து அளந்து, எந்தக் குளோன், எந்த மண் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால், ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தைலமரம் வளர்ப்போரும் அறுப்போரும்,
காரமடை – அன்னூர் வட்டாரம்